சாயத்தைச் சிதைக்கும் ஒளிவினையூக்கி: ஆய்வகத்தில் தயாரிக்கும் முறையும் சோதிக்கும் முறையும்

குறைக்கடத்தித் தூள் ஒன்றைச் சாயம் கலந்த நீரில் இட்டு ஒளியில் வைத்தால், சில மணி நேரத்தில் நிறம் மங்கிவிடும். முதுநிலை வேதியியல் மாணவர்கள் பலர் தம் ஆய்வுத்திட்டத்துக்கு இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், தூளைத் தயாரிப்பது எளிது என்பதுதான். இரண்டு நாள் வேலையில் நல்ல தூள் கிடைத்துவிடும். ஆனால் நிறம் மங்கியதற்கு அந்தத் தூளும் ஒளியும் சேர்ந்து செய்த வினைதான் காரணம் என்று உறுதிப்படுத்த இரண்டு வாரம்கூடப் போதாது. எனவே இந்த வழிகாட்டியில் தயாரிப்பைச் சுருக்கமாகவும் சோதனையை விரிவாகவும் எழுதுகிறேன்.

குறைக்கடத்தியின் மீது போதிய ஆற்றல் கொண்ட ஒளி விழும்போது, இணைதிறன் பட்டையில் இருக்கும் எலக்ட்ரான் கடத்துப் பட்டைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தில் நேர்மின் துளை உண்டாகிறது. எலக்ட்ரான் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு சூப்பராக்சைடு ஆக மாற்றுகிறது. துளை, நீரையோ ஹைட்ராக்சைடு அயனியையோ ஆக்சிஜனேற்றி ஹைட்ராக்சில் தனி உறுப்பை, அதாவது இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துண்டை, உண்டாக்குகிறது. சில வேளைகளில் பரப்பில் ஒட்டியிருக்கும் சாய மூலக்கூறை நேரடியாகவே தாக்குகிறது. எலக்ட்ரானும் துளையும் பரப்பை அடையும் முன்பே ஒன்றோடொன்று சேர்ந்து அழிந்துபோவதுதான் இத்துறையின் பெரிய தலைவலி. டைட்டானியம் டையாக்சைடு மின்முனையின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பகுத்ததாக ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே இத்துறை வேகம் பிடித்தது.

எந்த ஒளி தேவை என்பதை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும். 1240 என்ற எண்ணை, எலக்ட்ரான் வோல்ட்டில் கூறப்படும், அவ்விரு பட்டைகளுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளியால் வகுத்தால், அந்தப் பொருள் ஏற்கக்கூடிய மிக நீண்ட அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். அனடேஸ் வகை டைட்டானியம் டையாக்சைடின் இடைவெளி 3.2, எனவே அதற்கு 387 நானோமீட்டருக்குக் குறைந்த புறஊதா ஒளி வேண்டும். துத்தநாக ஆக்சைடும் ஏறத்தாழ அதே நிலையில்தான் இருக்கிறது. தரையை அடையும் சூரிய ஆற்றலில் புறஊதாப் பங்கு 4 அல்லது 5 விழுக்காடு மட்டுமே. கிராஃபைட் வகைக் கார்பன் நைட்ரைடின் இடைவெளி 2.7, அது 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியையும் பயன்படுத்திக்கொள்ளும். இந்தக் கார்பன் நைட்ரைடைப் பெறவே யூரியாவைச் சூடாக்கும் வேலை நடக்கிறது. இங்கே துத்தநாக ஆக்சைடு, கார்பன் நைட்ரைடு, இரண்டின் கலவை ஆகிய மூன்றையும் செய்யும் முறையைத் தருகிறேன்.

துத்தநாக ஆக்சைடு

இரண்டு மூலக்கூறு நீருடன் கூடிய துத்தநாக அசிட்டேட் 4.39 கிராமை 200 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் கரைத்துக்கொள்ளுங்கள். கரைசல் சற்றே கலங்கலாகத் தெரிந்தால் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டால் தெளிந்துவிடும். இன்னொரு பீக்கரில் 1.8 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஆறவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்தே இதைச் செய்ய வேண்டும். துத்தநாகக் கரைசலைக் காந்தக் கலக்கியின் மேல் வைத்து 60 முதல் 70 டிகிரி வரை சூடேற்றி, காரத்தைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். அவசரப்பட்டுக் காரத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் துகள்கள் ஒரே அளவாக அமைவதில்லை. காரம் அதிகமானால், உண்டான வீழ்படிவே சிங்கேட்டாக (நீரில் கரையும் துத்தநாகச் சேர்மமாக) மாறிக் கரைந்து போகும். விளைச்சல் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டு மணி நேரம் கலக்கிய பின் வீழ்படிவை மையவிலக்கியில் பிரித்து, கழுவுநீரின் பி.எச். 7-ஐ நெருங்கும் வரை நீராலும், கடைசியாக ஒரு முறை எத்தனாலாலும் கழுவ வேண்டும். மூன்று முறை கழுவினால் போதும் என்று பல செய்முறைகளில் எழுதியிருப்பார்கள். எண்ணிக்கையை நம்பாமல் பி.எச். தாளை நம்புங்கள். கழுவாமல் விட்ட காரம் பிறகு சாயக் கரைசலின் பி.எச்.-ஐ உயர்த்தி, பரப்புக் கவர்ச்சியையே, அதாவது சாயம் தூளின் பரப்பில் ஒட்டும் விதத்தையே, மாற்றிவிடும். 80 டிகிரி அடுப்பில் இரவு முழுதும் உலர்த்தி, கல்வத்தில் பொடித்து, புடக்குகையில் இட்டு மஃபிள் உலையில் 400 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கவும்.

உலையைச் சூடாக இருக்கும்போதே திறந்து பார்ப்பவர்கள், தூள் எலுமிச்சை மஞ்சளாக இருப்பதைக் கண்டு ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகி, ஆறும்போது வெண்மைக்குத் திரும்பும் பொருள். முழுதும் ஆறிய பிறகும் மஞ்சளோ சாம்பலோ தங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அது பெரும்பாலும் எரியாத அசிட்டேட்டின் எச்சம். ஒன்றும் இழக்காமல் செய்தால் 1.6 கிராம் அளவுக்குத் தூள் கிடைக்க வேண்டும். வெப்பநிலையை 600, 700 என்று உயர்த்தினால் படிகத்தன்மை கூடும். அதே வேளையில் துகள்கள் ஒன்றாகி வளர்ந்து பரப்பளவு குறையும். 400-இல் தொடங்குவது நல்லது.

கார்பன் நைட்ரைடு

யூரியா 30 கிராமை மூடியுள்ள அலுமினாப் புடக்குகையில் இடுங்கள். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, ஏனெனில் உருகிய யூரியா நுரைத்துப் பொங்கும். உரக்கடை யூரியாவை வாங்க வேண்டாம். இந்தியாவில் 2015 முதல் வேளாண் யூரியா முழுதும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்படுகிறது. அந்த எண்ணெய் கருகி உங்கள் தூளில் கரியாகத் தங்கும். ஆய்வகத் தர யூரியாவே விலை குறைவானதுதான்.

மூடியை நன்றாகப் பொருத்தி, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 டிகிரிக்கு ஏற்றி, 3 மணி நேரம் அங்கேயே வைத்து, உலைக்குள்ளேயே ஆறவிட வேண்டும். 133 டிகிரியில் உருகும் யூரியா, சூடு ஏற ஏற பையூரெட், சயனூரிக் அமிலம், மெலமைன், மெலெம் என்று படிப்படியாகச் சுருங்கி இறுதியில் பலபடியாகிறது. ஒவ்வொரு படியிலும் அம்மோனியா வெளியேறும். ஐசோசயனிக் அமிலமும் உண்டு. உலை புகைபோக்கியின் கீழ் இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. மூடி இல்லாமல் செய்தால் பெரும்பகுதி ஆவியாகிப் போய், திறந்து பார்க்கும்போது குகை ஏறக்குறைய காலியாக இருக்கும். மூடி இருந்தாலும் 30 கிராமுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் வரைதான் தேறும். வெளிர் மஞ்சள் நிறத்தில், பஞ்சு போல இலேசாக, கரண்டியில் எடுத்தால் விரலிலும் தராசிலும் ஒட்டிக்கொள்ளும் தூளாக அது இருக்கும். மெலமைனிலிருந்து செய்தால் எடையில் பாதி அளவுக்குக் கிடைக்கும். ஆனால் அது கெட்டியாக, பரப்பளவு குறைந்ததாக அமையும். அளவு போதாமல் சிரமப்பட்டாலும் யூரியா வழியையே நான் பரிந்துரைக்கிறேன்.

கலவைக்கு, 0.1 கிராம் கார்பன் நைட்ரைடை 50 மில்லிலிட்டர் எத்தனாலில் மீயொலித் தொட்டியில் அரை மணி நேரம் பரவச் செய்து, 0.9 கிராம் துத்தநாக ஆக்சைடைச் சேர்த்து, எத்தனால் ஆவியாகும் வரை புகைபோக்கியின் கீழ் கலக்கி, உலர்ந்ததை 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கவும். கார்பன் நைட்ரைடில் உண்டாகும் எலக்ட்ரான் துத்தநாக ஆக்சைடுக்குத் தாவுவதால் துளையுடன் மீண்டும் சேர்வது குறையும் என்பது எதிர்பார்ப்பு. அப்படித்தான் நடந்தது என்று அம்புக்குறிப் படம் வரைவதற்கு முன், சூடாக்காமல் வெறுமனே கலந்த தூள் ஒன்றையும் அதே விகிதத்தில் வைத்துச் சோதியுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வேலை செய்தால், நீங்கள் செய்தது வெறும் கலவைதான்.

தூள் எது என்று உறுதிசெய்ய எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் போதும். செம்புக் கதிரில் துத்தநாக ஆக்சைடு 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் மூன்று கூர்மையான முகடுகளைக் காட்டும். கார்பன் நைட்ரைடு 27.4-இல் அகன்ற முகடு ஒன்றும் 13-ஐ ஒட்டி மங்கலான ஒன்றும் காட்டும். உங்கள் கலவையில் டைட்டானியம் டையாக்சைடும் இருந்தால் கவனம் வேண்டும்: ரூட்டைல் வகையின் முதன்மை முகடும் 27.4-இல்தான் விழும். பரவல் எதிரொளிப்பு நிறமாலை எடுத்து ஆற்றல் இடைவெளியைக் கணக்கிடுவதை வழக்கம்போலச் செய்துகொள்ளலாம்.

சாயக் கரைசலும் இருட்டும்

மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். 664 நானோமீட்டரில் தெளிவான முகடு, மலிவான விலை, எந்தக் கல்லூரியிலும் இருக்கும் குப்பி. குப்பியின் மேல் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். மூன்று நீர் மூலக்கூறுகளுடன் கூடிய உப்பு என்றால் 100 மில்லிகிராமில் உண்மையான சாயம் 86 மில்லிகிராமை எட்டாது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்ட மூலக்கரைசல் செய்து, அதிலிருந்து லிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம் வரை ஐந்து கரைசல்கள் தயாரித்து அளவீட்டுக் கோடு வரைந்துகொள்ளுங்கள். சோதனைக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது வழக்கமான செறிவு. ஆனால் அந்தச் செறிவில் ஒளி உறிஞ்சல் 2-ஐத் தாண்டிவிடும், அங்கே நிறமாலைமானியின் எண் நம்பத்தக்கதல்ல. மேலும் செறிவு கூடும்போது மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 612-ஐ ஒட்டித் தோள் ஒன்றை உயர்த்தும். எடுக்கும் மாதிரியைத் துல்லியமாக நான்கு மடங்கு நீர்த்து அளப்பதே சரி.

100 மில்லிலிட்டர் கரைசலில் 50 மில்லிகிராம் தூளை இட்டு, பீக்கரை அலுமினியத் தாளால் சுற்றி, இருட்டில் கலக்குங்கள். அரை மணி நேரம் போதும் என்பது வழக்கு. 15 நிமிடத்துக்கு ஒரு முறை மாதிரி எடுத்து, அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் மாறாமல் நிற்கும் வரை காத்திருப்பதே முறை. பரப்பளவு மிகுந்த தூள்களுக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். இந்த இருட்டுக் கட்டம் முடிந்தபின் இருக்கும் செறிவையே தொடக்கச் செறிவாகக் கொள்ள வேண்டும். இருட்டிலேயே 60 விழுக்காட்டைப் பரப்பில் கவர்ந்துகொண்ட தூள், ஒளியில் மீதியில் பாதியைச் சிதைத்தால், மொத்தம் 80 விழுக்காடு நீங்கியது என்பது உண்மைதான். ஆனால் அதில் ஒளியின் பங்கு 20 மட்டுமே. இந்த வேறுபாட்டை மறைத்து எழுதிய ஆய்வுகள் ஏராளம்.

மாதிரியிலிருந்து தூளைப் பிரிக்கும் இடத்தில் எனக்கே ஒரு முறை சறுக்கியது. மையவிலக்கி பழுதாகியிருந்த வாரம் அது. சிரிஞ்சு வடிகட்டி வழியாக ஒவ்வொரு மாதிரியையும் தள்ளினேன். முதல் மாதிரியிலேயே நிறம் ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. மகிழ்ச்சியில் இரண்டு நாள் வரைபடம் வரைந்த பிறகுதான், குப்பையில் கிடந்த வடிகட்டிகளின் சவ்வு எல்லாம் நீலமாக இருப்பது கண்ணில் பட்டது. தூளே இடாத சாயக் கரைசலைத் தள்ளிப் பார்த்தேன்; அதுவும் நிறமின்றித்தான் வெளியே வந்தது. நேர்மின் சாயங்கள் பல சவ்வுகளில் ஒட்டும். மையவிலக்கியையே பயன்படுத்துங்கள், வேறு வழியில்லையென்றால் வடிகட்டியை முதலில் வெறும் சாயக் கரைசலால் சோதியுங்கள்.

ஒளி

நம் ஊர் வெயில் இலவசம். முற்பகல் பத்தரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை, மேகமில்லாத நாளில் செய்தால் நல்ல முடிவே கிடைக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை வெயிலில் செய்த துத்தநாக ஆக்சைடையும் வெள்ளிக்கிழமை வெயிலில் செய்த கலவையையும் ஒரே வரைபடத்தில் ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டிய எல்லாப் பீக்கர்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். திறந்த பீக்கரில் நீர் ஆவியாகிச் செறிவு கூடும் என்பதால் மேலே கண்ணாடித் தட்டு வைத்து, பீக்கரைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, கரைசல் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு என்றால், கட்புல ஒளியில் வேலை செய்கிறது என்று சொல்வதற்கு 400 நானோமீட்டருக்குக் கீழ் உள்ளதை வெட்டியாக வேண்டும். விலையுயர்ந்த கண்ணாடி வடிப்பான் இல்லாதவர்கள், லிட்டருக்கு ஒரு மோல் சோடியம் நைட்ரைட்டு கொண்ட கரைசலை இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தின் வெளி அறையில் நிரப்பினால் அது புறஊதாவை விழுங்கிவிடும். 450 நானோமீட்டர் நீல எல்.இ.டி. இன்னும் நேர்த்தியான தேர்வு. காரணம் சாயத்திலேயே இருக்கிறது: மெத்திலீன் ப்ளூ தானே சிவப்பு ஒளியை உறிஞ்சி, எலக்ட்ரானைக் குறைக்கடத்திக்குக் கொடுத்துத் தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளக் கூடியது. வெள்ளை விளக்கில் துத்தநாக ஆக்சைடு கட்புல ஒளியில் வேலை செய்வது போலத் தோன்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நீல ஒளியை அந்தச் சாயம் மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் இந்தக் குழப்பம் அங்கே தணியும்.

ஒவ்வொரு தொகுப்பிலும் தூளில்லாமல் ஒளியில் வைத்த சாயம் ஒன்று, தூளுடன் இருட்டிலேயே கடைசிவரை வைத்த சாயம் ஒன்று, சந்தையில் கிடைக்கும் பி25 டைட்டானியம் டையாக்சைடு இட்டது ஒன்று என மூன்று துணைப் பீக்கர்கள் இருக்கட்டும். பி25 என்பது அனடேஸ் நான்கு பங்கும் ரூட்டைல் ஒரு பங்கும் கொண்ட, உலகெங்கும் ஒப்பீட்டுக்கு எடுக்கப்படும் தூள். புறஊதாவில் உங்கள் தூள் அதனிடம் தோற்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை; பெரும்பாலும் தோற்கவே செய்யும்.

கணக்கு எளிது. தொடக்கச் செறிவை அந்த நேரத்துச் செறிவால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வே வேக மாறிலி. எடுத்துக்காட்டாக 60 நிமிடத்தில் 30 விழுக்காடு மிஞ்சினால் மடக்கை 1.204; 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.020, அரை ஆயுள் ஏறத்தாழ 35 நிமிடம். கோடு நடுவில் வளைந்தால் வளைந்த புள்ளிகளை நீக்கிவிட்டு நேராக்க வேண்டாம். இடைநிலைப் பொருள்கள் பரப்பை அடைத்திருக்கலாம், வெயில் இறங்கியிருக்கலாம். இரண்டும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

நிறம் போனது, சாயம் போனதா?

பள்ளிகளில் காட்டும் நீலக் குப்பிச் சோதனையில் குளுக்கோஸ் மெத்திலீன் ப்ளூவை ஒடுக்கி நிறமற்றதாக்கும். குலுக்கினால் காற்றுப்பட்டு நீலம் திரும்பும். மூலக்கூறு எங்கும் போகவில்லை. ஆக்சிஜன் குறைந்த, கலக்கப்படாத பீக்கரில் ஒளிவினையூக்கியும் இதையே செய்யக்கூடும். எனவே நிறமிழந்த மாதிரியைத் தூள் நீக்கிய பின் ஒரு சிறு குப்பியில் குலுக்கி, சில மணி நேரம் காற்றில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். உண்மையான சிதைவை உறுதிசெய்ய மொத்த கரிமக் கார்பனோ, அது இயலாவிட்டால் வேதி ஆக்சிஜன் தேவையோ அளக்க வேண்டும். நிறம் 95 விழுக்காடு போன நிலையில் கரிமக் கார்பன் அதைவிட மிகக் குறைவாகவே குறைந்திருப்பது இயல்பு. வளையங்கள் உடைந்து, சிறு துண்டுகளாக இன்னும் நீரில்தான் இருக்கின்றன. தன் நிறத்தால் குழப்பாத ஃபீனால் போன்ற சேர்மம் ஒன்றையும் ஒரு முறை சோதித்தால் மேலே சொன்ன ஐயங்கள் பலவும் ஒரே அடியில் தீரும்.

எந்தத் தனி உறுப்பு வேலை செய்கிறது என்று அறிய ஐசோபுரோப்பனாலை ஹைட்ராக்சிலுக்கும், அம்மோனியம் ஆக்சலேட்டைத் துளைக்கும் தடுப்பானாகச் சேர்ப்பது வழக்கம். சூப்பராக்சைடுக்குப் பென்சோகுவினோனைச் சேர்ப்பதைவிட நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை நீக்குவது தூய்மையான வழி. பென்சோகுவினோன் தானே ஒளியை உறிஞ்சும், நச்சும்கூட. கார்பன் நைட்ரைடின் இணைதிறன் பட்டை ஹைட்ராக்சில் தனி உறுப்பை நேரடியாக உண்டாக்கப் போதிய நேர்மின் அழுத்தத்தில் இல்லை. அந்தத் தூளை மட்டும் வைத்துக்கொண்டு ஹைட்ராக்சிலே முதன்மை என்ற முடிவு வந்தால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சாயக் கழிவு என்றதும் நமக்குத் திருப்பூரும் நொய்யலும் நினைவுக்கு வரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்ட வரலாறு எல்லோரும் அறிந்தது. ஆய்வேட்டின் முன்னுரையில் அதை எழுதும் மாணவர்கள் இரண்டு விவரங்களை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, பருத்தித் துணிக்கு இடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் தன்மை கொண்டவை; மெத்திலீன் ப்ளூ நேர்மின் சாயம். துத்தநாக ஆக்சைடின் பரப்பு பி.எச். 9-ஐ ஒட்டிய அளவு வரை நேர்மின் ஏற்றம் கொண்டிருப்பதால், இரண்டும் அதில் ஒட்டும் விதமே வேறு. பருத்திச் சாயக் கழிவைப் பற்றிப் பேச விரும்பினால் 597 நானோமீட்டரில் முகடு கொண்ட ரியாக்டிவ் பிளாக் 5 போன்ற ஒன்றை எடுத்துச் சோதியுங்கள். மற்றொன்று, அந்தக் கழிவுநீரின் பெரிய சிக்கல் உப்பு. சாயம் நூலில் ஏற அள்ளிக் கொட்டப்படும் உப்பை எந்த ஒளிவினையூக்கியும் நீக்காது. மாறாக, குளோரைடும் பைகார்பனேட்டும் தனி உறுப்புகளை விழுங்கி வினையின் வேகத்தைக் குறைக்கும். வாலை வடிநீரில் கிடைத்த வேக மாறிலியோடு நில்லாமல், சாதாரண உப்பு கலந்த கரைசலிலும் ஒரு முறை அளந்து இரண்டையும் அருகருகே தாருங்கள்.

மறுபயன்பாட்டுக்கு, தூளைப் பிரித்துக் கழுவி உலர்த்தி, எடை போட்ட பிறகே அடுத்த சுற்றில் இடவும். ஒவ்வொரு சுற்றிலும் சிறிது தூள் குழாயின் சுவரில் தங்கிவிடும். ஐந்து சுற்றில் செயல்திறன் குறைந்தது என்று எழுதும்போது, குறைந்தது செயலா எடையா என்பது தெரிந்திருக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரையும். வலுவான காரத்திலும் கரையும். நடுநிலை நீரிலும் ஒளியில் தன்னைத் தானே அரித்துக்கொள்ளும். கடைசிச் சுற்றின் தெளிநீரை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் கொடுத்துத் துத்தநாகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்துவிடுங்கள். துத்தநாக அயனி மீன்களுக்கு நஞ்சு. ஆகவே நிறமிழந்து தெளிவாகத் தோன்றும் அந்த நீரையும் தொட்டியில் ஊற்றாமல், பெயர்ச்சீட்டு ஒட்டிய உலோகக் கழிவுக் கலனிலேயே சேர்க்க வேண்டும்.